வீட்டைக் குளிர்விக்கும் செலவு: தமிழ்நாட்டுக் கான்கிரீட் வீடுகள்

கோடையில் மின்விசிறி, ஏர்கூலர், ஏசி ஆகியவை ஓடுவதால் ஒரு குடும்பம் கட்டும் மின்கட்டணமும், அவற்றை வாங்கிப் பராமரிக்க ஆகும் பணமும் சேர்ந்ததே வீட்டைக் குளிர்விக்கும் செலவு. அதைக் குறைப்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் கடையில்தான் தொடங்குகிறது. எத்தனை டன், எத்தனை ஸ்டார், இன்வெர்ட்டர் மாடலா என்பவை அங்கே கேட்கப்படும் கேள்விகள். தமிழ்நாட்டுச் சமவெளியில் தனி வீட்டிலோ, அடுக்ககத்தின் கடைசி மாடியிலோ குடியிருப்பவருக்கு இவை இரண்டாம்பட்சம். ஏசி எவ்வளவு நேரம், எவ்வளவு திணறி ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது தலைக்கு மேலிருக்கும் கான்கிரீட் தளம். ஆகவே குளிர்விப்புக்கென ஒதுக்கும் பணத்தின் முதல் பகுதி மொட்டை மாடிக்கும், அடுத்தது மேற்குச் சுவருக்கும் சன்னல்களுக்கும், பிறகு மின்விசிறிக்கும், மிஞ்சியது ஏசிக்கும் போக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வெயில் எங்கிருந்து விழுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 24, 25 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகல் சூரியன் அங்கே நேர் உச்சிக்கு வருகிறது. மதுரையில் இது ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நடக்கிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். கத்திரி வெயில் அடிக்கும் மே மாதத்தில், எல்லோரும் அஞ்சும் தெற்குச் சுவரில் நேர் வெயில் அநேகமாக விழுவதே இல்லை. காலையில் கிழக்குச் சுவரும் பிற்பகலில் மேற்குச் சுவரும் காய்கின்றன. மொட்டை மாடியோ காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து வரை ஓய்வின்றிக் காய்கிறது. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் சன்னலையும் சுவரையும் முன்னால் வைப்பது அவர்கள் சூரியனுக்குப் பொருந்தும். நம் அட்சரேகையில் கூரையே முதலில் வரும்.

கூரைத் தளத்தின் வேலையை ஒரு அறையளவில் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. பத்துக்குப் பன்னிரண்டு அடி படுக்கையறையின் கூரை சுமார் 11 சதுர மீட்டர். மே மாதத்துத் தெளிந்த நாளில் ஒரு சதுர மீட்டர் மாடியில் விழும் சூரிய ஆற்றல் ஏறக்குறைய 6 யூனிட். அறையின் மேல் மொத்தம் 66 யூனிட். பாசி படர்ந்து கறுத்த பழைய கான்கிரீட் அதில் நூற்றுக்கு எழுபது பங்கை உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சியதில் பெரும்பகுதி காற்றுக்கும் வானத்துக்கும் திரும்பிப் போய்விட, ஐந்தாறு அங்குலத் தளத்தின் வழியே ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கீழே இறங்குகிறது. நாளொன்றுக்கு ஏழு யூனிட்டுக்குச் சற்று மேற்பட்ட வெப்பம் இப்படி அறைக்குள் வருகிறது. அதே தளம் வெள்ளையாக இருந்து முப்பது பங்கை மட்டும் உறிஞ்சினால் உள்ளே வருவது மூன்று யூனிட் சுமார். கணக்கு தோராயமானதுதான். காற்றின் வேகம், தளத்தின் கனம், அண்டை வீட்டு நிழல் என்று எல்லாமே அதை மாற்றும். ஆனால் பாதிக்கு மேல் குறைகிறது என்ற விகிதம் மாறாது; ஏனென்றால் அது நிறத்தைப் பொறுத்தது.

இந்த வெப்பம் வரும் நேரமும் முக்கியம். கான்கிரீட் வெப்பத்தைத் தேக்கி வைத்து மூன்று நான்கு மணி நேரம் தாமதித்தே கீழே விடுகிறது. மாடி நண்பகலில் கொதிக்கிறது என்றால் உள்கூரை மாலை நான்கு மணிக்கு மேல்தான் உச்சச் சூட்டை எட்டும். இரவு வெகுநேரம் வரை அந்தச் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். வெளியே கடற்காற்று வீசித் தெரு குளிர்ந்த பிறகும் கடைசி மாடி வீட்டுக்குள் மட்டும் அனல் அடிப்பதும், மின்விசிறி சூடான காற்றையே கீழே தள்ளுவதும் இதனால்தான். ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரைகள் வேறு விதம். மெல்லியவை என்பதால் வெயில் ஏறிய உடனே உள்ளே தகிக்கும். சூரியன் மறைந்ததும் சீக்கிரம் ஆறிவிடும். பகலில் வீட்டில் இருப்பவர்களுக்கு, அதாவது குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் வீட்டிலிருந்தே வேலை செய்யும் பெண்களுக்கும், அந்தக் கூரை கான்கிரீட்டைவிடக் கொடியது. வெள்ளைப் பூச்சின் பலன் கண்கூடாகத் தெரிவதும் அங்கேதான்.

சூடான உள்கூரைக்கு இன்னொரு விளைவு உண்டு. மின்கட்டணத்தைப் பொறுத்தவரை இதுவே பெரியது என்று சொல்லலாம். மனித உடல் காற்றின் வெப்பநிலையை மட்டும் உணர்வதில்லை. சுற்றியுள்ள சுவர்களும் கூரையும் வீசும் வெப்பக் கதிர்களையும் சேர்த்தே உணர்கிறது. கூரை 38, 40 டிகிரியில் இருந்தால் அறைக் காற்று 25 டிகிரிக்கு வந்த பிறகும் கட்டிலில் படுத்திருப்பவருக்குப் புழுக்கம் தீராது. ரிமோட்டை எடுத்து 20, 18 என்று இறக்கும் பழக்கத்துக்கு இதுதான் வேர்; அதை வெறும் ஊதாரித்தனம் என்று கண்டிப்பது நியாயமில்லை. எரிசக்தித் திறன் செயலகம் சொல்லும் கணக்குப்படி வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும். ஸ்டார் முத்திரை பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்ற விதி 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. நல்ல விதிதான். ஆனால் கூரை கொதிக்கும் வீட்டில் அந்த 24 ஐந்து நிமிடம்கூட நிற்காது. கூரையைக் குளிர்த்தினால் 26, 27 டிகிரியும் மேலே மெதுவாகச் சுழலும் மின்விசிறியும் போதும் என்ற நிலை தானாக வருகிறது.

நம் முன்னோர் இதைக் கணக்குப் போடாமலே கையாண்டார்கள். மெட்ராஸ் டெரஸ் எனப்படும் பழைய கூரையில் தேக்கு மரச் சட்டங்களின் மேல் செங்கல்லைச் சரித்து நிறுத்தி அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தைக் கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதித்தார்கள். கலவையில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பார்கள். மொத்தக் கனம் முக்கால் அடியை நெருங்கும். கான்கிரீட் வந்தபோது தாங்குவதற்கு ஐந்து அங்குலம் போதும் என்றானது. கட்டுமானச் செலவு குறைந்தது, குளிர்விக்கும் செலவு பிறந்தது. கான்கிரீட் தளத்தின் மேல் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மேஸ்திரிகள் ‘வெதரிங் கோர்ஸ்’ என்கிறார்கள். ஆனால் அது மழைநீர் வழிந்தோடவும் ஒழுகாமல் இருக்கவும் போடுவதாகவே இன்று கருதப்படுகிறது. செலவைச் சுருக்க வேண்டுமென்றால் வீட்டுக்காரர் முதலில் கைவைப்பதும் அதன் மேல்தான்.

மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் குடியிருப்புக் கட்டட நெறி, கூரையின் வெப்பக் கடத்தலுக்கு ஒரு உச்சவரம்பு வைத்தது. கூரையின் இரு புறமும் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால் ஒரு சதுர மீட்டர் வழியே 1.2 வாட்டுக்கு மேல் கடக்கக் கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட் தளம் மூன்றுக்கு மேல் கடத்தும். ஜல்லியும் தட்டோடும் சேர்ந்தால் இரண்டரை வாக்கில் இறங்கும், வரம்புக்குள் வராது. தளத்தின் மேல் இரண்டு அங்குல பாலிஸ்டைரீன் பலகை வைத்துக் காரை போட்டால் 0.5 அளவுக்குப் போய்விடும். அப்படியானால் பலகைதானே சிறந்தது என்று தோன்றும். நாள் முழுதும் எல்லா அறையிலும் ஏசி ஓடும் வீட்டுக்கு அது சரி. நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரே ஒரு படுக்கையறையில், இரவில் மட்டும் ஏசி ஓடுகிறது. அத்தகைய வீட்டுக்குப் பகலில் வெப்பம் ஏறாமலும் வேண்டும், உள்ளே வந்தது இரவில் கூரை வழியே வானத்துக்குப் போகவும் வேண்டும். வெள்ளைப் பூச்சு முதலாவதைச் செய்கிறது, இரண்டாவதைத் தடுப்பதில்லை. காப்புப் பலகை இரண்டையும் தடுக்கிறது. செலவோ பல மடங்கு. ஆகவே பூச்சு முதலில், பலகை பிறகு, அதுவும் புது வீடு கட்டும்போது.

பூச்சிலும் தேர்வு உண்டு. மிகக் குறைந்த செலவில் முடிவது சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பைக் குழைத்து, பிடிப்புக்குக் கொஞ்சம் பசையோ வெள்ளைச் சிமென்டோ சேர்த்து, மாடியை நன்றாகக் கூட்டிக் கழுவிக் காயவிட்டு இரண்டு மூன்று கை பூச வேண்டும். பங்குனிக்குள் முடித்துவிட்டால் கோடைக்குத் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைந்துவிடும். சந்தையில் கிடைக்கும் வெள்ளைப் பூச்சுகள் விலை கூடியவை, சில ஆண்டுகள் நிற்பவை, நீர்க்கசிவையும் தடுப்பவை. வெள்ளைக் கூலிங் டைல்ஸ் இன்னும் நீடிக்கும், எடையும் கூடும். வெள்ளி நிற அலுமினியப் பூச்சை இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது ஒளியை ஓரளவு திருப்பும். ஆனால் ஏறிய வெப்பத்தை வெள்ளைச் சுண்ணாம்பு அளவுக்குக் கதிராக வெளியேற்றாது. கண்ணுக்குப் பளபளப்பாக இருக்கிறது என்பதற்காக அதற்குப் பணம் கொடுப்பதில் பொருளில்லை. எல்லாப் பூச்சுக்கும் தூசிதான் எதிரி. விழும் வெயிலில் நூற்றுக்கு எண்பது பங்கைத் திருப்பும் பூச்சு, மூன்றாண்டு அழுக்கு ஏறிய பின் அறுபது, அறுபத்தைந்து என்று இறங்குவது வழக்கம். துடைப்பமும் தண்ணீரும் இழந்ததில் பெரும்பகுதியை மீட்டுத் தரும்.

நிழல் பூச்சையும் மிஞ்சும். தென்னங்கீற்றுக் கொட்டகை போட்ட மாடிக்குக் கீழே இருக்கும் வீட்டின் சுகம் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தீப்பிடிக்கும் ஆபத்தும் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும் செலவும்தான் அதை அருகச் செய்தன. கூரைச் சூரிய மின்தகடுகள் இப்போது அதே வேலையை வேறு காரணத்துக்காகச் செய்கின்றன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு, தகடுகள் வைத்த கூரைக்கு வந்துசேரும் வெப்பம் ஏறத்தாழ 38 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டம் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி சுமார் வேண்டும் என்பதால், 3 கிலோவாட் அமைப்பு இரண்டு படுக்கையறைகளின் மேல் நிழல் போடும். தகடுகளைப் படுக்கையறைக்கு மேல் வரும்படி அமைக்கச் சொல்வது வீட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது. நிறுவ வருபவர்கள் கம்பி நீளத்தையும் திசையையும் மட்டுமே பார்ப்பார்கள்.

மாலையில் மாடியில் தண்ணீர் ஊற்றும் வழக்கத்துக்கும் அறிவியல் ஆதாரம் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. நனைத்த சாக்கு விரித்தால் பலன் இன்னும் கூடும். ஆனாலும் இதைப் பரிந்துரைக்கத் தயக்கமாக இருக்கிறது. லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊரில் தினமும் மாடிக்குத் தண்ணீர் விடுவது செலவை மின்கட்டணத்திலிருந்து தண்ணீர்க் கட்டணத்துக்கு மாற்றுவதாகும். தளத்தில் விரிசல் இருந்தால் கம்பி துருப்பிடிக்கும். ஏர்கூலரும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான். வேலூர், திருச்சி, கரூர் போன்ற உள்மாவட்டங்களின் வறண்ட சித்திரைப் பிற்பகலில் அது ஏசியின் மின்சாரத்தில் ஒரு சிறு பங்கில் நன்றாக வேலை செய்யும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் புழுக்கத்தைத்தான் கூட்டும்.

ஈரம் என்றதும் இந்த வாதத்துக்கு எதிரான வலுவான மறுப்பு வருகிறது. கடற்கரை ஊர்களில் ஏசியின் உழைப்பில் கணிசமான பங்கு காற்றிலிருந்து நீரைப் பிழிந்தெடுப்பதில் போகிறது. கூரையை எவ்வளவு வெளுத்தாலும் அந்தப் பங்கு குறையாதே என்று கேட்கலாம். உண்மைதான். ஈரம் கூரை வழியே வருவதில்லை, கதவிடுக்கிலும் சன்னல் இடுக்கிலும் வருகிறது. அதற்கான மருந்தும் மலிவானது: கதவின் அடியில் ரப்பர் பட்டை, சன்னல் சட்டங்களில் பஞ்சுப் பட்டை, ஏசி ஓடும்போது குளியலறைக் கதவை மூடி வைப்பது. ஆனால் ஈரப் பங்கு குறையாது என்பதால் வெப்பப் பங்கைக் குறைப்பது வீண் என்று ஆகிவிடாது. கூரையின் சுமை நீங்கிய ஏசி ஈரத்தை எடுக்கும் வேலையை நிதானமாகச் செய்யும். தேவைப்படும் டன் அளவும் குறையும். ஒன்றரை டன் வாங்க இருந்தவர் ஒரு டன்னோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நேராக ஐந்து ஸ்டார் ஏசி வாங்கிவிட்டால் போதாதா என்பது அடுத்த மறுப்பு. ஸ்டார் முத்திரையின் அடிப்படை ஐஎஸ்இஇஆர் என்னும் பருவகாலத் திறன் எண். அது 4 உள்ள ஏசிக்குப் பதிலாக 5 உள்ளதை வாங்கினால் அதே குளிர்ச்சிக்கு ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம் மிச்சம். முத்திரையில் அச்சிட்ட ஆண்டுக் கணக்கு, ஏசி ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்டது. அவ்வளவு ஓட்டுபவருக்கு விலை வித்தியாசம் சில ஆண்டுகளில் திரும்பிவிடும். கோடை இரண்டு மாதம் மட்டும் ஓட்டுபவருக்கு வெகுகாலம் ஆகும். ஏசியின் திறன் ஏசி ஓடும் அறைக்கு மட்டும் பயன்படும் என்பதையும் மறக்கக் கூடாது. கூடத்திலும் சமையலறையிலும் இருப்பவருக்குக் கூரைதான் உதவும். மின்விசிறியை மாற்றுவது அப்படியல்ல, கணக்கு சட்டென்று நேராகும். பழைய விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் பிஎல்டிசி விசிறி 30 வாட்டில் ஓடுகிறது. நாளுக்குப் பதினைந்து மணி நேரம் சுற்றும் வீட்டில் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கு 40 யூனிட் மிச்சம். ஆளில்லாத அறையில் ஓடும் விசிறி யாரையும் குளிர்விப்பதில்லை என்பதையும் சொல்லி வைக்கலாம். அது தோலின் மேல் காற்றை ஓட்டித்தான் இதம் தருகிறதே தவிர, அறையின் வெப்பத்தைக் குறைப்பதில்லை.

பொய்க்கூரை போட்டால் குளிர்ச்சி என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. ஜிப்சம் பலகை சூடான தளத்தை மறைத்துக் கதிர்வீச்சைக் குறைக்கும் என்பது சரி. ஆனால் வெப்பம் அதற்குள் வீட்டுக்குள் வந்துவிட்டது. தளமும் தினம் தினம் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கிறது. அதே பணத்தில் சிறு பங்கு மாடியின் மேல்புறத்தில் செலவானால் பலன் கூடுதல். சன்னல் திரைக்கும் இதே விதி பொருந்தும். மேற்குச் சன்னலுக்கு உள்ளே கனத்த திரை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டியோ நிழல்வலையோ கட்டுவது நல்லது, ஏனென்றால் கண்ணாடியைத் தாண்டிய வெயிலைத் திரை வெளியே அனுப்ப முடியாது.

மிச்சமாகும் யூனிட் பணமாக எவ்வளவு என்பதில்தான் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சூட்சுமம் இருக்கிறது. கூரையை வெளுப்பதால் ஒரு படுக்கையறையில் குறையும் நான்கு யூனிட் வெப்பத்தில் பாதி ஏசி ஓடும் நேரத்தில் வருவதாக வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்தில் மிஞ்சுவது 30 யூனிட் மின்சாரம். வெப்பநிலையை இரண்டு டிகிரி உயர்த்த முடிந்தால் இன்னும் 30, 40 சேரும். பெரிய தொகையாகத் தோன்றாது. ஆனால் இங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள், முதல் 100 யூனிட் இலவசம், 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண வரிசையே மாறிவிடுகிறது. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விகிதப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் ஆனது. ஒரு யூனிட் கூடி 501 ஆகியிருந்தால் 1,958 ரூபாய். இரண்டாவது நூறு யூனிட்டுக்கான சலுகை விகிதம் பறிபோவதே காரணம். 530 யூனிட் செலவழித்தவர் 2,190 ரூபாய் கட்டியிருப்பார். 490-இல் நிறுத்தியிருந்தால் 1,665 ரூபாய். நாற்பது யூனிட்டுக்கு 525 ரூபாய் என்றால் யூனிட்டுக்குப் பதின்மூன்று ரூபாய்க்கு மேல் விழுந்தது. கோடையில் 500-ஐ ஒட்டி நிற்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கு ஒரு மூட்டைச் சுண்ணாம்பின் உண்மையான மதிப்பு இந்த எல்லையில்தான் தெரியும். ஆயிரம் யூனிட் கடக்கும் வீட்டிலும் மிச்சம் உண்டு. ஆனால் அங்கே மிச்சமாவது அந்த நாற்பது யூனிட்டின் விலை மட்டுமே.

கூரையே இல்லாதவர்கள் என்ன செய்வது? ஆறு மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருப்பவருக்கு மேலே இன்னொரு குடும்பத்தின் தரை இருக்கிறது. அவருக்கு இந்த வாதத்தின் முதல் பாதி பொருந்தாது. மேற்குச் சுவர், சன்னல் நிழல், விசிறி, ஏசி வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுவது என்று அவர் வரிசை தொடங்கும். வாடகைக்குக் கடைசி மாடியில் இருப்பவர் நிலைமை சிக்கலானது. மாடி வீட்டுக்காரருடையது, மின்கட்டணம் குடியிருப்பவருடையது. பூச்சுக்குப் பணம் போடுபவருக்குப் பலன் இல்லை, பலன் பெறுபவருக்கு உரிமை இல்லை. குடியிருப்போர் சங்கங்களிலும் இதே முடிச்சுதான்: மொட்டை மாடி பொதுச்சொத்து, அதன் வெப்பம் கடைசி மாடிக்காரர் பாடு. நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சும் வெள்ளைப் பூச்சும் ஒன்றாகவே கிடைப்பதால், ஒழுகல் சரிசெய்யும் ஆண்டில் நிறத்தை வெள்ளையாகத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இந்த முடிச்சை ஓரளவு தளர்த்தும்.

மற்றபடி இது தனிவீட்டு விவேகத்தால் மட்டும் தீர்வதில்லை. 2010-இன் கடும் வெப்ப அலைக்குப் பிறகு 2013-இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்த அகமதாபாத், 2017-இல் ஏழைக் குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசத் தொடங்கியது. தெலங்கானா 2023 ஏப்ரலில் குளிர்கூரைக் கொள்கையை அறிவித்து, அரசு, வணிகக் கட்டடங்களுக்கும் 600 சதுர கஜமும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் வீடுகளுக்கும் அதைக் கட்டாயமாக்கியது; 2028-க்குள் 300 சதுர கிலோமீட்டர் என்பது இலக்கு. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அது பாதிக்கப்பட்டோருக்கு நிவாரணம் தர வழிசெய்கிறது. கூரையைப் பொறுத்தவரை பெரும்பாலான தனி வீடுகளில் முடிவெடுக்கும் நாள் இன்றும் ஒன்றுதான்: தளம் போட்டு முடித்து, மேலே என்ன பதிப்பது என்று மேஸ்திரி கேட்கும் நாள். கையில் பணம் தீர்ந்திருக்கும் நாளும் பெரும்பாலும் அதுவே.